'மிஸ்ஸிங்' ஒன்று, 'டிஸ்அப்பியர்ட்' இன்னொன்று: ஆங்கிலச் சொற்களோடு வன்னியில் எங்கள் அனுபவங்கள்

கிளிநொச்சி, மனு எழுதிக் கொடுப்பவர்:

பத்து வருடத்துக்கு மேலாக மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதமும் படிவமும் எழுதிக் கொடுக்கிறேன். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்களுக்கு நடுவில் நீங்களும் மாட்டுப்பட்டிருந்தால் இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனைப் பற்றி வெளிநாட்டு அமைப்பொன்றுக்குக் கடிதம் வேண்டும். 'மிஸ்ஸிங்' என்ற சொல்லைப் போட்டு எழுதி, "2009 மே மாதத்திலிருந்து மகனைக் காணவில்லை" என்று தமிழிலும் வாசித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கினார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "தம்பி, காணவில்லை எண்டது இதில எந்தச் சொல்லு?" என்று கேட்டார். காட்டினேன். அதன் மேல் சுட்டுவிரலை வைத்தார், எடுக்கவேயில்லை. "சுனாமியில என்ர தங்கச்சியைக் காணேல்லை. கடல் கொண்டுபோனது. அவளுக்கு இந்தச் சொல்லு சரி. பிள்ளையை நான் வட்டுவாகலில என்ர கையால குடுத்தனான். அவன் துலைஞ்சு போகேல்லை." வட்டுவாகல், 2009 மேயில் போர் முடிந்தபோது சனம் இராணுவத்திடம் போய்ச் சேர்ந்த இடம்.

அன்றைக்குத்தான் அந்த இரண்டு சொற்களையும் ஒழுங்காகப் படித்தேன். ஆள் எங்கே என்று தெரியவில்லை என்பதோடு 'மிஸ்ஸிங்' நின்றுவிடும். கடலா, செல்லடியா, ஆரும் பிடித்தார்களா என்று அது சொல்லாது. 'டிஸ்அப்பியர்' ஆங்கிலத்தில் தானாக மறைவதைக் குறிக்கும் தன்வினை. 1970களில் ஆர்ஜென்டினா போன்ற நாடுகளில் ஆட்களைக் கொண்டுபோனபோது எழுந்த ஸ்பானியச் சொல்லின் தடத்தில், ஆங்கிலத்திலும் அது 'மறைக்கப்பட்டார்' என்ற பொருளில் வரத் தொடங்கியது. ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 20 அன்று ஏற்ற சமவாயம் அதற்கு வரைவிலக்கணம் கொடுக்கிறது. அரசின் ஆட்களோ அரசின் இணக்கத்தோடு வேறு ஆட்களோ ஒருவரைப் பிடிக்க வேண்டும். பிடித்ததை மறுக்க வேண்டும், அல்லது அவருக்கு என்ன நடந்தது என்பதை மறைக்க வேண்டும். அதனால் அவர் சட்டத்தின் காவலுக்கு வெளியே போய்விட வேண்டும். இலங்கை 2016இல் அதை ஏற்புறுதி செய்து, 2018இல் தனிச்சட்டமும் இயற்றியது.

காணாமற்போனோர், காணாமலாக்கப்பட்டோர் என்று தமிழில் எங்கள் சனம் இதை எப்போதோ பிரித்துவிட்டது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் 2017 பெப்ரவரி 20 அன்று பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரிடம் கேட்டால், நடுவில் இருக்கும் அந்த 'ஆக்க' எவ்வளவு பெரியது என்று சொல்வார்கள். இரண்டுக்கும் 'மிஸ்ஸிங்' என்று போடுகிற மொழிபெயர்ப்பு பிழையான மொழிபெயர்ப்பு. நானும் அப்படித்தான் போட்டேன். கடிதத்தைத் திருப்பி எழுதினேன்.

வவுனியா, ஆங்கில ஆசிரியை:

2010இல் நான் படிப்பித்த வகுப்பில் முகாமிலிருந்து வந்த பிள்ளைகள்தான் கூட. ஒருநாள் கரும்பலகையில் 'டாங்க்' என்று எழுதி, படம் கீறச் சொன்னேன். ஒரு பிள்ளை அணைக்கட்டும் மருதமரமும் கொக்கும் வைத்துக் குளம் கீறினாள். இன்னொருவன் முகாமில் தண்ணீர் பிடித்த கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியைக் கீறினான், கீழே வாளிகள் வரிசையாக. கடைசி வாங்கில் இருந்தவன் குழலும் சங்கிலிச் சக்கரமும் கீறி, சக்கரத்துக்குள் இருக்கும் சின்னச் சில்லுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கீறினான். மூன்றும் சரியான விடை. மூன்றுக்கும் சரி போட்டேன்.

குளத்துக்கு 'டாங்க்' என்பது எங்கள் பக்கத்து ஆங்கிலம். அகராதிகள் அந்தச் சொல்லைக் குஜராத்தி, மராத்திப் பக்கம் கொண்டுபோகின்றன. இங்கிலாந்தில் இருந்து வந்த ஒருவருக்கு 'இரணைமடு டாங்க்' என்றால் கூரையில் வைக்கிற தொட்டிதான் நினைவுக்கு வரும். இப்போது பிள்ளைகளுக்கு 'ரிசர்வாயர்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறேன்.

முத்தையன்கட்டு, கமக்காரர்:

எனக்கு 'கிராண்ட்'. திட்டம் ஒன்றின் படிவத்தில் 'கிராண்ட் இருக்கிறதா' என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கிடைத்தது, அது மானியம், மானியத்துக்கு ஆங்கிலம் கிராண்ட். சரி என்று 'ஓம்' போட்டேன். அவர்கள் கேட்டது காணியின் அளிப்புப் பத்திரத்தை. என்னிடம் இருப்பது பெர்மிட். ஆறு மாதம் அலைந்தேன்.

குடியேற்றத்திட்டக் காணி வைத்திருக்கும் ஆட்கள் இதை மனதில் வைக்க வேண்டும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் கிடைப்பது பெர்மிட், அதாவது நிபந்தனையோடு இருந்து செய்கை பண்ண அனுமதி. அதற்கு மேல்படி அளிப்பு, அதைத்தான் கிராண்ட் என்கிறார்கள். அளிப்பு கையில் இருந்தாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் காணியைக் கைமாற்ற முடியாது. உறுதிக் காணி வேறு, அதற்கு ஆங்கிலத்தில் 'டீட்'. இந்த மூன்றையும் தமிழில் ஒரே வாயில் 'காணிப் பத்திரம்' என்கிறோமே, அதில்தான் வினையே தொடங்குகிறது.

மாங்குளம், தாதி:

சுருக்கமாகச் சொல்கிறேன். கிளினிக் கொப்பியில் 'ஹைப்பர்டென்ஷன்' என்று இருந்ததை வாசித்த ஒரு மகன், "அம்மாவுக்கு இப்ப ஒரு டென்ஷனும் இல்லை, நல்லாச் சிரிச்சுக் கதைக்கிறா" என்று பிரஷர் குளிசையை நிற்பாட்டிவிட்டார். மனப் பதற்றத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. இரத்தக்குழாயில் அழுத்தம் கூட இருக்கிறது என்பதுதான் பொருள். சிரிக்கிற ஆளுக்கும் இருக்கும், ஒரு அறிகுறியும் காட்டாமல் இருக்கும்.

சீனி வருத்தத்தில் 'ஹைப்போ', 'ஹைப்பர்' இன்னும் ஆபத்து. ஒன்று சீனி இறங்குவது: வியர்க்கும், கை நடுங்கும், உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். மற்றது ஏறுவது. ஃபோனில் கடைசி எழுத்து கேட்காவிட்டால் நேர்மாறான வைத்தியம் நடந்துவிடும். நான் அந்தச் சொற்களை விட்டே விட்டேன். 'சீனி குறைஞ்சிட்டுது', 'சீனி கூடிட்டுது' என்றுதான் வீட்டுக்காரருக்குச் சொல்வது.

புதுக்குடியிருப்பு, மருமகள்:

முதலாவது பதிவை வாசித்ததும் மாமியின் கதையை எழுதாமல் இருக்க முடியவில்லை. அவரின் மூத்த மகன் வராமல் இருக்கிறார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். அவர் அசையவில்லை. 2016இல் சட்டத்தைத் திருத்தி 'சர்டிபிகேட் ஒஃப் அப்சென்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இறந்துவிட்டார் என்று ஒத்துக்கொள்ளாமலே வங்கி, காணி அலுவல்களைப் பார்க்கலாம்.

படிவத்தோடு மாமிக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "அப்சென்ட் எண்டு பள்ளிக்கூட இடாப்பில போடுறதெல்லோ பிள்ளை?"

"ஓம் மாமி, கிட்டத்தட்ட அதுதான்."

"அப்ப வந்தால் வெட்டலாமோ?"

வெட்டலாம், ஆள் வந்தால் அந்தப் பத்திரம் செல்லாது என்றேன். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு பேனையை வாங்கி, மகனின் பெயரை முதலெழுத்தோடு முழுதாக எழுதினார்.