முகத்தில் போட்ட துண்டு: நடிக்கப் போன குத்துச்சண்டை வீரரோடு எங்கள் அனுபவங்கள்

தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் ஒருவருக்கு நான்கு ஆண்டுகள் பயிற்சிச் சண்டைத் துணையாக இருந்தவன் நான். அவருக்குத் திரைப்பட வாய்ப்பு வந்தபோது, சண்டைக் காட்சியில் எதிராளியாக நிற்பதற்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். குத்தத் தெரியாத நடிகருக்குத்தான் வேலை அதிகம், இவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று நான் நம்பியிருந்தேன். முதல் நாள் காலையிலேயே அந்த நம்பிக்கை உடைந்தது.

குத்துச்சண்டை மேடையில் ஒரு குத்து புறப்படுவது எதிராளிக்குத் தெரியவே கூடாது. தோள் சிறிது அசைந்தாலும் அவர் விலகிவிடுவார் என்பதால், அந்த அசைவை ஒழிப்பதற்காகவே கண்ணாடி முன் நின்று ஆண்டுக்கணக்கில் பழகியிருந்தோம். கேமராவுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. குத்து கிளம்புவது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், அது அகன்ற வளைவாக வர வேண்டும், முகத்துக்கு ஒரு சாண் முன்னால் கடந்துபோக வேண்டும், அடி விழுந்தது என்பதை அடி வாங்குகிறவரின் தலைத் திருப்பம் காட்ட வேண்டும். எங்கள் வீரர் போட்ட ஜாப் (முன்கையால் சட்டென்று நீட்டும் நேர்க்குத்து) அவ்வளவு வேகமாகப் போய்த் திரும்பியதால், பதிவைப் போட்டுப் பார்த்தபோது அவர் சும்மா நிற்பதுபோல் இருந்தது. சண்டைப்பயிற்சி இயக்குநர் பொறுமையாக ‘இன்னும் மெதுவாக’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு முறை, ஒத்திகையில் சொன்னபடி நான் இடது கையைத் தாழ்த்திய கணத்தில், வீரருடைய வலது கை பழக்கத்தின் வேகத்தில் இடைவெளியைத் தானே மூடிவிட, என் கீழுதடு பிளந்தது. அன்று மாலை வரை அவர் வேறு காட்சிக்குப் போக மறுத்து, பனிக்கட்டிப் பையோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் கையுறையே இல்லாத காட்சிதான் அவரை மிகவும் வதைத்தது. தோற்ற வீரர் உடைமாற்றும் அறையில் தனியே உட்கார்ந்து உடைந்துபோக வேண்டும். விலாவில் விழுந்த அடியால் மூச்சே நின்றுபோனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாதே என்பது எங்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம். முகம் மாறினால் எதிராளி அதே இடத்தைத் தேடி மறுபடியும் வருவார். அந்தப் பாடத்தில் ஊறிய முகம் பதினோரு டேக்குகளிலும் கல்லாகவே இருந்தது. கடைசியில் இயக்குநர் அருகில் வந்து, உண்மையிலேயே தோற்ற நாட்களில் அந்த அறையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். துண்டை முகத்தில் போட்டுக்கொள்வேன் என்றார் இவர். ‘அப்படியே செய்யுங்கள், நான் சொல்லும்போது துண்டை எடுத்துவிடுங்கள்’ என்றார் இயக்குநர். அவர் தோற்ற மூன்று இரவுகளில் நான் அந்த அறையில் இருந்திருக்கிறேன். துண்டுக்கு அடியில் இருந்த முகத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

*

நண்பர் சொல்வதுபோன்ற துண்டை எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நடிக்கப் போன வேறொரு வீரருக்குப் பயிற்சியாளராக இருந்தவன். படப்பிடிப்புக்கு வெளியே நடந்ததை எழுதுகிறேன்.

புருவத்தில் ஏற்படும் வெட்டு தையலுக்குப் பிறகு வெளியே ஆறிவிட்டதாகத் தோன்றினாலும், தழும்புத் திசு அடுத்த அடியில் எளிதாக மறுபடியும் பிளக்கும். பாதிப் படம் எடுத்த பிறகு நாயகனின் முகத்தில் புதிய காயம் வந்தால் முந்தைய காட்சியோடு ஒட்டாது. அதனால் படம் முடியும்வரை பயிற்சிச் சண்டை கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் எட்டு வாரம் எதிரில் ஆள் இல்லாமல் பையை மட்டும் குத்திக்கொண்டிருந்தவருக்கு, உடல் வலிமை குறையாவிட்டாலும் தூரத்தைக் கணிக்கும் உணர்வு குறைந்துபோயிற்று. படம் முடிந்து ஐந்தே வாரத்தில் போட்டி. வழக்கமாக முகத்தில் முடியும் அவருடைய வலது கை நேர்க்குத்து அன்று முழுவதும் இரண்டு விரல்கடை முன்னதாகவே நின்றது, புள்ளிகளில் தோற்றார். அந்தத் தேதிக்கு நான் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. அந்தத் தவறு என்னுடையது.

இரண்டு தொழிலும் ஒன்றாக முடியாது என்று நான் சொல்லவில்லை. குத்துச்சண்டை வீரர்கள் மேக்ஸ் பேரும் பிரிமோ கார்னெராவும் 1933இல் வெளிவந்த ஒரு படத்தில் எதிரெதிராக நடித்தார்கள். 1934 ஜூனில் உண்மையான மேடையில் பேர் கார்னெராவைப் பலமுறை வீழ்த்தி, 11ஆம் சுற்றில் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைப் பறித்தார். பிரிட்டிஷ் வீரர் டோனி பெல்லியூ 2015இல் திரையில் சாம்பியனாக நடித்துவிட்டு, 2016 மே மாதம் ஹெவிவெயிட்டுக்குக் கீழான குரூசர்வெயிட் எடைப் பிரிவில் உண்மையான உலகச் சாம்பியன் ஆனார். எதிர்த் திசையில் போன நடிகர் மிக்கி ரூர்க்கை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். நடிப்பைத் தள்ளிவைத்து 1991இல் மீண்டும் மேடையேறியவர், தொழில்முறையில் 8 போட்டிகளில் ஒன்றிலும் தோற்கவில்லை. ஆனால் முகத்தில் பட்ட காயங்களுக்காக அறுவைச் சிகிச்சைகள் செய்துகொள்ள வேண்டியிருந்தது. உலகப் பட்டங்கள் வென்ற குத்துச்சண்டை வீராங்கனை காலி ரீஸ், தாமே கதையில் பங்கெடுத்த படத்தின் மூலம் நடிப்புக்கு வந்து, 2024இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிப்புக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவுக்கு வளர்ந்தார். அவருடைய பாதையைத்தான் இப்போது என்னிடம் வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். ஒரு வேலைக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் குறைந்தது மூன்று மாதம் வெறும் பயிற்சிக்கென்று ஒதுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுகிறேன்.

*

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளர். என் அனுபவம் சிறியது. தன் சண்டைக் காட்சிக்கு டப்பிங் பேச வந்த ஒரு வீரரால், ஒவ்வொரு குத்தோடும் மூக்கு வழியே வெளிவரும் அந்த ‘உஸ்’ என்ற மூச்சை நின்ற இடத்தில் நின்றபடி எழுப்பவே முடியவில்லை. மூச்சு விடுவதாக அவர் நினைக்கும்போதெல்லாம் இருமல்தான் பதிவாயிற்று. கை போகாமல் மூச்சு போகாது என்று மிகுந்த மன வருத்தத்தோடு சொன்னார். எங்கள் ஒலிப்பதிவாளர் மைக்கை மூன்றடி பின்னுக்கு நகர்த்தி, தரையில் கம்பளம் விரித்து, காலணியைக் கழற்றச் சொன்னார். திரையைப் பார்த்தபடியே அந்த வீரர் வெறுங்காலோடு நிழற்சண்டை போட்டார். நான்கு நிமிடக் காட்சி முழுவதும் ஒரே டேக்கில் முடிந்தது.