கலைச்சொல்: கரைக்கடல் போர்க்கப்பல்

வணக்கம். ஆங்கிலத்தில் littoral combat ship எனப்படும் போர்க்கப்பல் வகைக்கு 'கரைக்கடல் போர்க்கப்பல்' என்று நான் முன்வைத்த சொல்லுக்கு வந்த கருத்துகளுக்கு இது என் பதில்.

> கடலோரத் தாக்குதல் கப்பல் என்று வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். கடலோர மாவட்டம், கடலோரக் கிராமம் என்று சொல்லிப் பழகியதில், கடலோரம் என்றாலே நமக்குத் தரைதான் நினைவுக்கு வருகிறது. போதாக்குறைக்குக் கடலோரக் காவல் படை வேறு இருக்கிறது. படிப்பவர் இதை அவர்களுடைய ரோந்துக் கப்பல் என்றே எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வருவது கரையை ஒட்டிய நீர்ப்பரப்பை. ஆழ்கடல் மீன்பிடிப்பு, கரைக்கடல் மீன்பிடிப்பு என்ற பிரிவு ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் 'கரைக்கடல்' கைக்கு எட்டிய சொல். 'தாக்குதல்' என்பதும் குறுகலானது. கண்ணிவெடி அகற்றுவதும் இந்தக் கப்பல்களின் வேலைதான்.

> வேகம், தகவமைவு இரண்டும் பெயரில் வரவேண்டும். 'விரைவுத் தகவமைப் போர்க்கப்பல்'?

இதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். இந்த வகையின் முதல் கப்பலான அமெரிக்கக் கடற்படையின் ஃப்ரீடம் 2008இல் பணியில் சேர்ந்தது. எஃகு உடல், சுமார் 115 மீட்டர் நீளம். 2010இல் வந்த இண்டிபெண்டன்ஸ் அலுமினியத்தில் கட்டிய மூவுடல் கப்பல். இரண்டும் மணிக்கு 40 கடல் மைலுக்கு மேல், அதாவது 74 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியவை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுழல்விசிறி கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் நீர்த்தாரை உந்திதான். நாசகாரி (destroyer) என்னும் பெரிய போர்க்கப்பலுக்கு 9 மீட்டர் ஆழம் தேவைப்படும். இவற்றுக்கு நாலு, நாலரை மீட்டர் போதும்.

சரி, தகவமைவு என்ன ஆயிற்று? இன்று கண்ணிவெடித் தேடல், நாளை நீர்மூழ்கி எதிர்ப்பு என்று துறைமுகத்திலேயே கருவித் தொகுதியைக் கழற்றி மாட்டுவதாகத் திட்டம். நடைமுறையில் ஒரு கப்பலுக்கு ஒரே வேலை என்று நிலைத்துவிட்டது; நீர்மூழ்கி எதிர்ப்புத் தொகுதியைக் கைவிட்டே விட்டார்கள். ஃப்ரீடம் வகையில் டர்பைனையும் டீசல் இயந்திரத்தையும் இணைக்கும் பல்சக்கரப் பெட்டி தகராறு செய்ததால் வேகத்துக்கும் கெட்ட பெயர். முதல் இரண்டு கப்பல்களும் 2021இலேயே ஓய்வு பெற்றுவிட்டன. விளம்பரத்தில் சொன்னதையெல்லாம் பெயரில் ஏற்றினால் பிறகு நாம்தான் விழிக்க வேண்டும். எங்கே இயங்குகிறது என்பது மட்டும் மாறாது.

அப்புறம், கப்பலா கலமா என்ற கேள்வி. நீர்மூழ்கிக் கப்பல், விமானந்தாங்கிக் கப்பல் வரிசையில் இதுவும் கப்பலாகவே இருக்கட்டும். 'கலம்' என்பதைச் சிறியவற்றுக்கு ஒதுக்கிவைக்கலாம். காட்டுப்பள்ளியில் கட்டி 2025இல் நம் கடற்படையில் சேர்ந்த அர்னாலா சுமார் 77 மீட்டர்தான். அதை 'கரைக்கடல் நீர்மூழ்கி எதிர்ப்புக் கலம்' என்றால் இரண்டும் குழம்பாது.

கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு (draft) 'அமிழாழம்' என்று எழுதிவருகிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது வேறு சொல் கேட்டிருந்தால் எழுதுங்கள். கலைச்சொல் பட்டியலில் அந்தக் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.