புதுப்பிப்பு: மணிக்கட்டு முறிவு, மாவுக்கட்டு போட்ட பிறகு

மணிக்கட்டு முறிவுக்கு மாவுக்கட்டா, அறுவை சிகிச்சை செய்து உலோக பிளேட் வைப்பதா என்ற முந்தைய இழையில், எலும்பு விலகாமல் இருந்தால் சுமார் 6 வாரக் கட்டே போதும் என்று எழுதியிருந்தேன். முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது.

விலகியிருந்து, இழுத்து நேராக்கிக் கட்டிய எலும்பு முதல் 2, 3 வாரத்தில் மறுபடி நழுவலாம். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்துவிடுவது ஒரு காரணம். அதனால் 7-ஆம் நாள் வாக்கிலும் 14-ஆம் நாள் வாக்கிலும் எக்ஸ்ரே அவசியம். நழுவியது அப்போதே தெரிந்தால் பிளேட், ஸ்க்ரூ வைத்துச் சரிசெய்வது எளிது. 3 வாரம் தாண்டினால் கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும். வலி இல்லையே என்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் புத்தூர் கட்டு எனும் நாட்டு எலும்பு வைத்தியத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். எக்ஸ்ரே பார்க்காமல் இறுக்கிக் கட்டுவதுதான் என் பயம். எந்தக் கட்டானாலும் சரி, மாத்திரைக்கு அடங்காத வலி, விரலை நீட்டிவிட்டால் உயிர்போகும் வலி, மரத்துப்போதல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் இயங்குகிறது, உடனே போங்கள்.

முதல் 2 நாள் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்து, விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள்.