ரீபூட்: மறுதொடக்கமா, மறுவார்ப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> பழைய பொம்மலாட்டத் தொடர் ஒன்றைக் கணினி அசைவூட்டத்தில் ரீபூட் செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'மறுதொடக்கம்' போதாதா?

போதாது. இடையில் நின்றுபோன ரயில் சேவை மறுபடி ஓடினால் அது மறுதொடக்கம். விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, கணினியை அணைத்துப் போடுவதற்கும் அதையே புழங்குகிறோம். தொடரை ரீபூட் செய்கிறவர்கள் விட்ட இடத்தைத் தேடிப் போவதில்லை. பழைய கதையை அப்படியே திரும்ப எடுப்பதுமில்லை. அது ரீமேக், அதற்கு மறுஆக்கம் இருக்கிறது. பாத்திரங்களையும் கதையின் அடிப்படையையும் எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து வேறொரு அச்சில் ஊற்றுகிறார்கள்.

தண்டர்பேர்ட்ஸையே பாருங்கள். ஜெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் உருவாக்கி 1965இல் பிரிட்டனில் ஒளிபரப்பான பொம்மைத் தொடர், 32 அத்தியாயங்கள். 2015இல் 'தண்டர்பேர்ட்ஸ் ஆர் கோ' வந்தது. அதே டிரேசி சகோதரர்கள் ஐவர், அதே ஐந்து மீட்பு ஊர்திகள். ஓட்டுநர் பார்க்கர் என்ற பாத்திரத்துக்கு அன்று குரல் கொடுத்த டேவிட் கிரஹாம்தான் ஐம்பது ஆண்டு கழித்தும் குரல் கொடுத்தார். ஆனால் பாத்திரங்கள் கணினியில் பிறந்தவை. பின்னணிக் களங்களை மட்டும் நியூசிலாந்தின் வேட்டா ஒர்க்‌ஷாப் கையால் சிற்றுருக்களாகக் கட்டியது. உலோகம் பழையது, அச்சு புதிது. அதனால்தான் 'மறுவார்ப்பு' என்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. 'மறுவார்த்த தொடர்' என்று எழுதினால் வேகமாகப் படிக்கிறவர் கண்ணில் 'மறுவார்த்தை' தட்டும். வினையாக வேண்டிய இடத்தில் 'மறுவார்ப்பு செய்தார்கள்' என்றும், அடையாக வேண்டிய இடத்தில் 'மறுவார்ப்புத் தொடர்' என்றும் எழுதினால் அது தீர்ந்துவிடும்.

சரி, இன்னொரு சொல். ஜெர்ரி ஆண்டர்சன் தன் பொம்மைப் படப்பிடிப்பு முறைக்கு வைத்த பெயர் சூப்பர்மேரியனேஷன். அதற்கு 'பாவை அசைவூட்டம்' என்று இங்கே ஒரு பரிந்துரை வந்தது. அது தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுப்பதற்கு அந்தச் சொல் பொருந்தும். தண்டர்பேர்ட்ஸ் பொம்மைகளை மேலிருந்து கம்பிகளால் ஆட்ட, கேமரா நிற்காமல் ஓடியது. அசைவு அந்த நேரத்திலேயே நடந்தது.

அந்தக் கம்பிகளிடம்தான் எனக்குப் பெரிய மயக்கம். மெல்லிய டங்ஸ்டன் கம்பிகள். பொம்மையைத் தாங்கியதும் அவைதான், முன்பே பதிவுசெய்த வசனத்திலிருந்து வந்த மின்துடிப்பைத் தலைக்குள் கொண்டுபோனதும் அவைதான். உள்ளே இருந்த சோலினாய்டு என்ற மின்காந்தச் சுருள் கீழுதட்டை அசைக்கும். அந்தச் சுருளுக்கு இடம் வேண்டித்தான் தலை உடம்புக்குப் பெரிதாக இருந்தது. 1967இல் வந்த அவருடைய இன்னொரு பொம்மைத் தொடரான கேப்டன் ஸ்கார்லெட்டில் அதை மார்புக்கு மாற்றியதும் தலை மனித அளவுக்கு வந்துவிட்டது.

மின்சாரம் ஓடும் நூல். நம்மிடம் அதற்கு நாண் என்ற சொல் இருக்கிறது. "மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று" என்கிறது 1020ஆம் குறள். மனத்தில் வெட்கம் இல்லாதவர் நடமாட்டம், கயிற்றால் ஆடும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்குச் சமம் என்று, வெட்கத்தையும் கயிற்றையும் ஒரே சொல்லில் வள்ளுவர் கோத்திருக்கிறார். ஆகவே சூப்பர்மேரியனேஷனுக்கு 'மின்நாண்பாவை'. 'பொம்மலாட்டம்' பொதுச்சொல்லாக இருக்கட்டும். இது அந்த ஒரு நுட்பத்துக்கு மட்டும்.

2005இல் ஆண்டர்சனே கேப்டன் ஸ்கார்லெட்டை முழுக்கக் கணினியில் மறுவார்ப்பு செய்து, அதை ஹைப்பர்மேரியனேஷன் என்று அழைத்தார். கம்பியும் இல்லை, பொம்மையும் இல்லை. பெயரில் மட்டும் மேரியனெட், அதாவது கயிற்றுப் பொம்மை, தொடர்ந்தது. அவருடைய பிரியம் புரிகிறது. ஆனால் தமிழில் நாண் இல்லாததை நாண்பாவை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதைக் கணினி அசைவூட்டம் என்றே எழுதலாம்.

அப்புறம், புணர்ச்சி. விதிப்படி சேர்த்தால் 'மின்னாண்பாவை' ஆகும். மின்னூல் என்று எழுதுகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அதை 'மின் ஆண் பாவை' என்று பிரித்துப் படிக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு மட்டும் சேர்க்காமல் விடலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.