1989 மாடல் சொகுசுக் கார் வைத்திருப்பது குற்றமா?

ஆறுசிலிண்டர்:

நேற்றுக் காலை என் வண்டியின் வைப்பரில் ஒரு சீட்டு செருகியிருந்தது. "இது மியூசியத்தில் நிற்க வேண்டிய வண்டி. எங்கள் ஜன்னலுக்குக் கீழே அல்ல." கையெழுத்துப் போடவில்லை. எழுத்து மட்டும் மணிமணியாக இருந்தது.

வண்டி 1989 மாடல் ஜெர்மன் செடான். 3 லிட்டர், ஆறு சிலிண்டர், பெட்ரோல். மாமனார் ஓட்டியது, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடினாற்போல 'தப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் கதவை இரண்டு முறை சாத்துவேன், மறைக்க என்ன இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். லிட்டருக்கு 7 கி.மீ. கொடுக்கிறது. ஆண்டுக்கு 3,000 கி.மீ. ஓட்டினால் அதிகம். கிட்டத்தட்ட 430 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது, ஆக ஆண்டுக்கு ஒரு டன். இதை உடைக்கக் கொடுத்துவிட்டு லிட்டருக்கு 16 கொடுக்கும் புது வண்டி வாங்கினால் மிச்சமாவது அரை டன் சொச்சம். ஆனால் ஒரு புது பெட்ரோல் காரைத் தயாரிக்கவே 6 முதல் 10 டன் வரை வெளியேறுகிறது. 7 டன் என்று வைத்தால்கூட அதை ஈடுகட்டப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். என் வண்டியோ செய்து முடித்து முப்பத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. அப்படியானால் யார் சுற்றுச்சூழலைக் கெடுப்பது?

பசுமைக்கணக்கு:

கூட்டல் கழித்தலில் பெரிய தப்பில்லை. எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, பங்க்குக்குக் கொண்டுவருவதில் ஆகிற கார்பனை விட்டுவிட்டீர்கள். அதைச் சேர்த்தால் உங்கள் ஒரு டன் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அது இருக்கட்டும்.

ஜன்னலில் இருப்பவர் கார்பன் டை ஆக்சைடைப் பற்றியா சீட்டு எழுதியிருப்பார்? அதற்கு வாசனையே கிடையாது. அவர் மூக்கில் ஏறுவது எரியாத பெட்ரோல், கூடவே நைட்ரஜன் ஆக்சைடுகள். வாசனை இல்லாமலே கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து போகிறது. உங்கள் வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது சைலன்சர் குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி, இருக்கிறதா? ஐரோப்பாவில் யூரோ 1 என்ற புகை வரம்பு வந்ததே 1992இல். அதில்கூட பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு கிலோமீட்டருக்கு 2.72 கிராம் வரை விட்டிருந்தார்கள். யூரோ 6இல் அது 1 கிராம். நைட்ரஜன் ஆக்சைடு 0.06 கிராம்தான். உங்களுடையது இந்த அளவுகோல் எதுவும் வருவதற்கு முன்பே பிறந்த வண்டி. தயாரிப்புக் கார்பன் உலகத்துக் கணக்கு. புகை தெருக் கணக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது.

நடராஜாசர்வீஸ்:

3,000 கி.மீ. என்றால் நாளைக்கு 8 கி.மீ. சைக்கிளே போதுமே ஐயா? இதற்கு எதற்கு ஆறு சிலிண்டர்?

ஆறுசிலிண்டர்:

@நடராஜாசர்வீஸ், தினமும் 8 கி.மீ. போவதில்லை. மாதம் ஒரு முறை நெடும்பயணம். அறுபத்தெட்டு வயது மாமியாரை சைக்கிள் கேரியரில் உட்காரவைக்கச் சொல்கிறீர்களா?

@பசுமைக்கணக்கு, கன்வெர்ட்டர் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை விற்றால் என்ன ஆகும்? கார் காற்றில் கரைந்துவிடாது. வாங்குகிறவர் என்னைவிட நாலு மடங்கு ஓட்டுவார், பராமரிப்பில் கால்வாசியும் செய்ய மாட்டார். என் கை சுத்தமாகும், புகை கூடும். அப்புறம், இரண்டரை டன் எடையில் மின்சார எஸ்யூவி வாங்கிப் பக்கத்துக் கடைக்குப் போகிறவரை யாரும் சீட்டு எழுதிக் கேட்பதில்லை. என் வண்டி ஒன்றரை டன்தான். ஜெர்மனியில் 30 வருடம் கடந்த வண்டியை ஒழுங்காக வைத்திருந்தால் பழம்பெரும் வண்டிக்கான 'எச்' எண்பலகை கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வட்டாரத்துக்குள்ளும் விடுகிறார்கள். லண்டனில் 40 வருடம் ஆகிவிட்டால் மாசு வட்டாரக் கட்டணம் இல்லை.

பசுமைக்கணக்கு:

விடுவதற்குக் காரணம் அவை சுத்தம் என்பதல்ல, எண்ணிக்கையில் கொஞ்சம் என்பதுதான். கல்யாண வீட்டில் ஒரு குழந்தை கூடுதலாக இரண்டு லட்டு எடுத்தால் சிரித்துவிட்டு விடுவோம். பந்தியே எழுந்து எடுத்தால்?

ஸ்பேனர்_அண்ணாச்சி:

சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் இந்த வயது வண்டிகளைத்தான் தினமும் பிரித்து மாட்டுகிறேன். தம்பி ஆறுசிலிண்டர், எனக்கு உறுத்துவது அந்த 7 கி.மீ. இந்த எஞ்சின் நெடுஞ்சாலையில் ஓடினால் எட்டரை, ஒன்பது கொடுக்க வேண்டும். மாதம் ஒரு நெடும்பயணம்தான் என்கிறாய். அப்படியிருந்தும் 7 என்றால் எங்கோ பெட்ரோல் வீணாகிறது.

மூன்று கேள்வி. காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு எத்தனை நிமிடம் நகர்த்தாமல் ஓடவிடுகிறாய்? எஞ்சின் சூடான பிறகும் சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை வருகிறதா? ஏசிக்குக் கடைசியாக எப்போது கேஸ் நிரப்பினாய்?

முதல் இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். தண்ணீர்ச் சூடு பார்க்கும் சென்சர் ஒன்று இருக்கிறது, கட்டைவிரல் அளவு. குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை 2,000 ஓமுக்கு மேல் இருக்கும். எஞ்சின் 80 டிகிரிக்கு வந்தால் 300 சொச்சத்துக்கு இறங்க வேண்டும். கெட்டுப்போனால் இறங்காது. கம்ப்யூட்டர் பாவம், எஞ்சின் இன்னும் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வண்டி நன்றாக ஓடும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சீறும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஜன்னலில் இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

ஊதாப்பூ:

நான் இந்தப் பக்கமும் இருந்தவள், அந்தப் பக்கமும் இருந்தவள். எட்டு சிலிண்டர் பழைய சொகுசுக் கார் வைத்திருந்தேன். லிட்டருக்கு 6. வேலை நிமித்தம் ஆண்டுக்கு 18,000 கி.மீ. மொத்தம் 3,000 லிட்டர், ஏறத்தாழ 7 டன். மின்சாரக் காருக்கு மாறினேன். 100 கி.மீ.க்கு 18 யூனிட். பெரும்பாலும் நிலக்கரி எரிக்கிற மின்சாரம், யூனிட்டுக்கு 700 கிராம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 2.3 டன்தான். பேட்டரியோடு சேர்த்துத் தயாரிப்புக்கு 12 டன் என்று தாராளமாகவே போட்டுப் பார்த்தேன். மூன்று வருடத்துக்குள் ஈடாகிவிடுகிறது. ஆறுசிலிண்டர் ஓட்டுகிற 3,000 கி.மீ.க்கு அதே கணக்கைப் போட்டால் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுக்கிறது. இரண்டு பேரும் சரிதான், வேறு வேறு ஆளைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

எனக்கு உண்மையான பயம் வேறு ஆட்களைப் பற்றி. பழைய சொகுசுக் காரின் விலை தரைக்கு வந்துவிடும், உதிரி பாகத்தின் விலை மட்டும் மாடியிலேயே நிற்கும். பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டு, யானையைக் கட்டித் தீனி போட முடியாமல் சென்சரைப் பிடுங்கிப் போட்டு, கன்வெர்ட்டரை வெட்டி விற்று ஓட்டுகிறார்கள். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறதே. மாமனார் வண்டியை மணியாக வைத்திருப்பவரைவிட அவர்கள்தான் தெருவை நாறடிப்பது.

ஆறுசிலிண்டர்:

அண்ணாச்சி, பத்து நிமிடம் ஐடிலிங்கில் விடுவேன். மாமனார் அப்படித்தான் பழக்கினார். சூடான பிறகும் வாடை வருகிறது, பழைய வண்டியின் வாசம் என்று நினைத்தேன்.

ஏசி கேஸ் ஒவ்வொரு கோடையிலும் நிரப்புகிறேன். முக்கால் கிலோ போகும் என்பார்கள். முதலில் இருந்தது ஆர்-12. பல வருடம் முன்பு ஆர்-134ஏவுக்கு மாற்றினார்கள்.

பசுமைக்கணக்கு:

மாற்றும்போது பழைய கேஸை என்ன செய்தார்கள்?

ஆறுசிலிண்டர்:

பக்கத்தில்தான் நின்றேன். குழாய் நட்டை ஸ்பேனரால் தளர்த்தினார்கள். 'உஸ்ஸ்' என்று ஒரு அரை நிமிடம். குழாய் மேல் பனி படிந்தது. அவ்வளவுதான்.

பசுமைக்கணக்கு:

ஐயா, அந்த 'உஸ்ஸ்' பத்து டன்.

ஆர்-12 ஓசோனைத் தின்னும் கேஸ், அதனால்தான் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் அதைக் குறைக்க முடிவெடுத்து, பிறகு முழுக்க நிறுத்தினார்கள். அது மட்டுமல்ல, எடைக்கு எடை பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட 10,000 மடங்குக்கு மேல் சூடேற்றும். அந்தக் காலத்துப் பெரிய காரில் ஒரு கிலோ போல நிரம்பியிருக்கும். நீங்கள் பத்து வருடம் எரித்த பெட்ரோல் அரை நிமிடத்தில் போயிருக்கிறது. முன்பே பாதி கசிந்திருந்தால் அந்தப் பாதியும் இதே வானத்துக்குத்தான் போயிருக்கும்.

ஆர்-134ஏவுக்கு அது சுமார் 1,400 மடங்கு. வருடம் முக்கால் கிலோ நிரப்புகிறீர்கள் என்றால் வருடம் முக்கால் கிலோ வெளியே போகிறது. மறுபடியும் ஒரு டன். நீங்கள் எரிக்கிற பெட்ரோல் அளவுக்கே ஏசியும் விடுகிறது. இவ்வளவு கணக்குப் போட்டீர்கள், இது உங்கள் தாளிலும் இல்லை, வெட்கத்தோடு சொல்கிறேன், என் தாளிலும் இல்லை. அண்ணாச்சி கேட்ட பிறகுதான் உறைத்தது.

நடராஜாசர்வீஸ்:

ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டலாமே?

ஸ்பேனர்_அண்ணாச்சி:

மாமியாரிடம் நீங்களே சொல்லுங்கள்.

தம்பி, கேஸை மாற்றினவர்கள் ரிங்குகளை மாற்றியிருக்க மாட்டார்கள். ஆர்-12க்குப் போட்ட பழைய கறுப்பு ரப்பர் ரிங்குக்குப் புதுக் கேஸும் அதன் ஆயிலும் ஒத்துவராது. ஒவ்வொரு இணைப்பிலும் பச்சை நிற ரிங் போட வேண்டும், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் பாட்டிலை மாற்ற வேண்டும், பழைய ஆயிலை முழுக்கக் கழுவி எடுக்க வேண்டும். முப்பது வருடப் பழைய ரப்பர் ஹோஸ் என்றால் அதன் சுவர் வழியாகவே கேஸ் வியர்க்கும். எல்லாம் ஒரு நாள் வேலை. முடித்துவிட்டு நைட்ரஜன் அடித்துக் கசிவு பார். பிறகுதான் கேஸ். இருக்கிற கேஸை எடுக்க மெஷின் வைத்திருப்பவரிடம் மட்டும் போ. நட்டைத் தளர்த்துகிறவரிடம் போகாதே.

பத்து நிமிட ஐடிலிங்கையும் இன்றோடு விடு. அது மாமனார் காலத்துக் கார்புரேட்டர் வண்டிக்கு. உன்னுடையது இன்ஜெக்‌ஷன். அரை நிமிடம் போதும், மெதுவாக நகர்த்து. குளிர்ந்த எஞ்சின் நின்றபடி சூடாவதுதான் இருப்பதிலேயே அழுக்கான நேரம்.

பசுமைக்கணக்கு:

அண்ணாச்சி, நீங்கள் இப்படி ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்தி அந்த வண்டியை இன்னும் முப்பது வருடம் ஓட்ட வைக்கிறீர்கள். என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. கன்வெர்ட்டர் இல்லாத எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் கன்வெர்ட்டர் இல்லாத எஞ்சின்தான்.

ஸ்பேனர்_அண்ணாச்சி:

உடைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2009இல் அமெரிக்காவில் பழைய காரைக் கொடுத்தால் புதுக் காருக்குத் தள்ளுபடி என்று ஒரு திட்டம் போட்டார்கள். ஏறத்தாழ 7 லட்சம் வண்டி. எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, கட்டிபிடித்து நிற்கும்வரை ஓடவிட்டுக் கொன்றார்கள். நல்ல எஞ்சின் எத்தனை அதில் போயிற்றோ. வீடியோ பார்த்தேன், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கன்வெர்ட்டர் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அந்தக் காலத்தில் சில மாடல்கள் பின்னால் கன்வெர்ட்டர் மாட்டிக்கொள்ள இடமும் ஒயரிங்கும் விட்டே வந்தன. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டரைக் கொன்றுவிடும், ஈயமில்லாதது எல்லா ஊரிலும் கிடைக்காத காலம் அது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் நிறுத்திவிட்டது, அந்தக் கவலை இனி இல்லை. தம்பி, முன் இருக்கைக் கம்பளத்தைத் தூக்கிப் பார். உபயோகிக்காத கனெக்டர் ஒன்று மூடி போட்டுக் கிடந்தால் சொல்.

ஆறுசிலிண்டர் (மூன்று வாரம் கழித்து):

மன்னிக்கவும், வேலையில் தாமதமாகிவிட்டது.

சென்சரைக் கழற்றி வெந்நீரில் போட்டு மீட்டர் வைத்தேன். 1,900 ஓம். அப்படியே நின்றது, இம்மிகூட இறங்கவில்லை. புதிது மாட்டுவதற்கு முன் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.2 சதவீதம், மாட்டி டியூன் செய்த பின் 0.9. சென்ற வாரப் பயணத்தில் 8.6 கி.மீ. கொடுத்தது. இத்தனை வருடம் லிட்டருக்கு ஒன்றரை கி.மீ. பெட்ரோலை எரிக்காமலே தெருவில் கொட்டியிருக்கிறேன்.

ஏசியில் பதினான்கு ரிங். ஒன்றுகூடப் பச்சை இல்லை. எல்லாம் மாற்றியாயிற்று, அடுத்த கோடையில்தான் தெரியும்.

சீட்டு எழுதியவரையும் கண்டுபிடித்தேன். கீழ்வீட்டு அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை. எழுத்தைப் பார்த்தே ஊகித்திருக்க வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டார். "தம்பி, அதை விடுங்கள். வண்டியின் பின்பக்கம் என் சமையலறை ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. திருப்பி நிறுத்த முடியுமா?" என்றார். இத்தனை வருடமும் தலையை வெளியே பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தேன், எடுக்க வசதியாக இருக்கிறதென்று.

பசுமைக்கணக்கு:

4.2 எண்ணைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். 0.9 நல்ல இறக்கம், பாராட்டுகள். ஆனாலும் திருப்பி நிறுத்தியதில் புகை வேறு யாரோ ஒருவர் ஜன்னலுக்குத்தானே போகும்?

ஸ்பேனர்_அண்ணாச்சி:

கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தாயா தம்பி?

ஆறுசிலிண்டர்:

பார்த்தேன் அண்ணாச்சி. கனெக்டர் இருக்கிறது. மூடிகூட அப்படியே இருக்கிறது. சேஸிஸ் எண்ணை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன், எந்தக் கன்வெர்ட்டர் பொருந்தும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.