7 மாசம் கழிச்சு திரும்ப வேலைக்கு போகணும், ஆட்டிஸம் பர்னவுட்ல இருந்து எழுந்தவங்க எப்படி ஆரம்பிச்சீங்க?

மழைக்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எனக்கு 34 வயசு, சென்னை ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில டெஸ்டிங் வேலை. ஆட்டிஸம்னு டயக்னோஸ் ஆனதே போன வருஷம்தான், அதுவும் பர்னவுட் ஆகி, அதாவது வருஷக்கணக்கா சமாளிச்சு சமாளிச்சு தெம்பெல்லாம் தீந்து மொத்தமா விழுந்த பிறகு. 11 வருஷம் ஆபீஸ்ல எல்லாரையும் போல சிரிச்சு, கண்ணைப் பாத்து பேசுறப்ப எத்தனை நொடி பாக்கணும்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே பேசி, லஞ்ச் டேபிள்ல எல்லார் சத்தத்தையும் தாங்கிக்கிட்டு ஓட்டினேன். ஒருநாள் காலைல லிஃப்ட் முன்னாடி நிக்கிறேன், எந்த பட்டனை அமுக்கணும்னு தெரியல. அன்னைக்கு திரும்பி வீட்டுக்கு வந்தவதான்.

முதல் ரெண்டு மாசம் படுக்கைதான். ரசம் வைக்க மறந்துபோச்சு, புளியை கரைச்சு வச்சுட்டு அடுத்து என்னன்னு தெரியாம அடுப்படியிலயே உக்காந்திருப்பேன். குக்கர் விசில் கேட்டா அழுகை வந்துரும், அதனால அம்மா குக்கரை பரண்ல ஏத்திட்டு பானைல சோறு வடிச்சாங்க. சில நாள் பேச்சே வராது, போன்ல டைப் பண்ணி காட்டுவேன்.

இப்ப எவ்வளவோ பரவால்ல. சமைக்கிறேன், சாயங்காலம் மொட்டை மாடில நடக்கிறேன், பேச்சு வருது. ஆனா லீவ்ல பெரும்பகுதி லாஸ் ஆஃப் பே, வீட்டு லோன் இஎம்ஐ அண்ணன்தான் கட்டுறான், அவனுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. எச்ஆர்ல இருந்து அடுத்த மாசம் 1ஆம் தேதி ஜாயின் பண்ணுங்க, வாரம் 5 நாளும் ஆபீஸ்னு மெயில் வந்திருக்கு. அம்மா "அதான் நல்லா இருக்கியேடி, போனா எல்லாம் சரியாயிடும்"ங்கிறாங்க. வீட்ல அமைதியா இருக்கிறதாலதான் நல்லா இருக்கேன்னு அவங்களுக்கு எப்படி சொல்றதுன்னு தெரியல.

நீங்க ரெடின்னு எப்படி கண்டுபிடிச்சீங்க? மேனேஜர்கிட்ட ஆட்டிஸம்னு சொன்னீங்களா, சொல்லலையா?

---

நொய்யல்கரை:

சகோதரி, நான் கோயமுத்தூர், ஒரு பம்ப் கம்பெனில அக்கவுண்ட்ஸ். எனக்கு ரெண்டு தடவை ஆயிருச்சுங்க, ரெண்டாவது தடவை ஆனது நான் அவசரப்பட்டதால. முதல் தடவை 6 வாரத்துல எந்திரிச்சு நடந்துட்டேன்னு அடுத்த திங்கக்கிழமையே போயி மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற வேலைல உக்காந்தேன், சரியா 19 நாள்தான் தாங்குச்சு. அப்புறம் 5 மாசம் வீட்ல. முதல் தடவையை விட மோசமா இருந்துச்சுங்க.

ரெண்டாவது தடவை என்ன பண்ணேன்னா, ஜாயின் பண்றதுக்கு 3 வாரம் முன்னாடி இருந்து வேலை நாள் மாதிரியே எந்திரிச்சு குளிச்சு சட்டை போட்டு அதே பஸ்ல ஏறி ஆபீஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் வாரம் அந்த பஸ் பயணத்துக்கே மறுநாள் முழுக்க படுத்துக் கிடந்தேன். அப்பத்தான் புரிஞ்சது, வேலைல உக்காரறதுக்கு முன்னாடியே பாதி தெம்பு தீந்து போகுதுன்னு. மறுநாள் காலைல எப்படி எந்திரிக்கிறீங்கன்னு பாருங்க, என்னைப் பொறுத்தவரை அதுதான் கணக்கு. அன்னைக்கு சமாளிச்சுட்டோம்ங்கிறதை நம்பாதீங்க, நாமதான் சமாளிக்கறதுல பழகினவங்க ஆச்சே.

மேனேஜர்கிட்ட நான் ஆட்டிஸம்னு சொல்லலைங்க. எங்க ஊர்ல அந்த வார்த்தையைக் கேட்டா சின்னப் பசங்கதான் ஞாபகம் வரும். டாக்டர் லெட்டர்ல நோய் பேரு பெருசா எழுதாம எனக்கு என்ன வேணும்ங்கறதை எழுதித் தரச் சொன்னேன். ஏசி நேரா அடிக்காத, சுவத்தை ஒட்டின சீட். வாய்ல சொல்ற வேலையை மெயில்லயும் போடணும். முதல் மாசம் அரை நாள். அது மூணும் கிடைச்சிருச்சுங்க.

---

பனைநிழல்:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன், ஒரு ஆஸ்பத்திரி லேப்பில வேலை. நீங்கள் லிஃப்டுக்கு முன்னால நிண்டத வாசிக்கேக்க எனக்கு கண் கலங்கிப் போச்சு, எனக்கு அது நடந்தது ட்ரெயின் பிளாட்ஃபாமில.

இஞ்ச 7 நாளுக்கு மேல லீவு எண்டா டொக்டரிட்ட ஃபிட் நோட் எண்ட சான்றிதழ் எடுக்க வேணும். அதிலயே "வேலை செய்யலாம், ஆனா இப்பிடி இப்பிடி மாத்திக் குடுத்தா" எண்டு எழுதலாம், படிப்படியா திரும்புறது, நேரத்த மாத்துறது, வேலைய மாத்துறது, வேலையிடத்தில வசதி செய்து தாறது எண்டு நாலு பெட்டி இருக்கு, டிக் பண்ணுறதுதான். எனக்கு முதல் ரெண்டு கிழமையும் கிழமைக்கு ரெண்டு அரை நாள், பிறகு மூண்டு, முழு நேரத்துக்கு வர 10 கிழமை எடுத்தது. 2010 ஈக்குவாலிட்டி ஆக்ட் எண்ட சமத்துவச் சட்டம் இருக்கிறதால நியாயமான மாற்றத்த செய்யாம வேலை குடுக்கிறவை தட்டிக் கழிக்கேலாது. உங்கட நாட்டுச் சட்டம் வேற எண்டு தெரியும், ஆனா அந்த நாலையும் அப்பிடியே உங்கட கடிதத்தில கேட்டுப் பாக்கலாம்தானே.

இன்னொண்டு அக்கா. பழைய ஆளா திரும்பிப் போக நினைக்காதேங்கோ. நான் போன முதல் நாளே எல்லாரோடயும் சிரிச்சுக் கதைச்சு, தேத்தண்ணி குடிக்கப் போய், பழையபடி நடிச்சன். அதால எல்லாரும் இவளுக்கு சுகம் எண்டு நினைச்சு முழு வேலையையும் தந்திட்டினம். முதல் நாளே ஹெட்ஃபோன போட்டுக்கொண்டு போங்கோ, கதைக்க ஏலாட்டி கதைக்காதேங்கோ.

---

வைகைச்செல்வி:

மதுரைல மாற்றுத்திறனாளிகள் உரிமை வேலைல இருக்கேன் தோழி, நம்ம ஊரு சட்டத்தை சொல்றேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகைல ஆட்டிஸமும் ஒன்னு. வேலைல இருந்து தூக்கக்கூடாது, வசதி செஞ்சு தரணும்ங்கிற பிரிவு 20 அரசு நிறுவனத்துக்கு எழுதினது, அதை தனியார்ல அப்படியே காட்ட முடியாது, இதுல ஏமாந்துறாதீங்க. ஆனா பிரிவு 21 தனியாருக்கும் உண்டு. சம வாய்ப்புக் கொள்கைன்னு ஒன்னு எழுதி வெளியிடணும், 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற இடம்னா இதுக்குன்னு ஒரு தொடர்பு அலுவலரும் இருக்கணும். உங்க கம்பெனி வெப்சைட்ல தேடுங்க, இல்லன்னா எச்ஆர்கிட்ட அந்த பாலிசி காப்பி வேணும்னு மட்டும் ஒரு மெயில் போடுங்க. காரணம் எதுவும் எழுத வேண்டாம்.

மனநல டாக்டர்கள் பாக்கிற டிஎஸ்எம்ங்கிற கையேட்டுல பர்னவுட்டுக்கு தனிப் பேரு கிடையாது, அதனால சர்டிஃபிகேட்ல டாக்டர் வேற பேருதான் போடுவாங்க, பயப்படாதீங்க. ஆராய்ச்சி இருக்கு. 2020ல டோரா ரேமேக்கரும் அவங்க கூட இருந்தவங்களும் ஆட்டிஸம் இருக்கிற பெரியவங்ககிட்ட கேட்டு எழுதின கட்டுரைல தீராத அசதி, தெரிஞ்ச வேலை மறந்துபோறது, சத்தம் வெளிச்சம் தாங்காம போறது, இதெல்லாம் 3 மாசத்துக்கு மேலயும் இருக்கும்னு இருக்கு. உங்க ரசமும் குக்கரும் அப்படியே அதுல இருக்கு. அம்மாகிட்ட அதை தமிழ்ல சொல்லிப் பாருங்க.

யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு போனீங்கன்னா ஆட்டிஸத்தை அளக்க ஐஎஸ்ஏஏன்னு 40 கேள்வி டெஸ்ட் வைப்பாங்க. அது பெரும்பாலும் பிள்ளைங்கள மனசுல வச்சு செஞ்ச மாதிரி இருக்கும், உங்கள மாதிரி நல்லா பேசுற பொண்ணுங்களுக்கு 40 சதவீத குறைபாடுன்னு சர்டிஃபிகேட் வாங்குறதுக்குள்ள படாதபாடு படணும். இப்ப இருக்கிற தெம்பை அதுல செலவழிக்காதீங்க, அப்புறம் பாத்துக்கலாம். மேனேஜர்கிட்ட சொல்றதா வேண்டாமாங்கிறதுல நொய்யல்கரை சொன்னதோட எனக்கு முழுசா உடன்பாடு இல்ல. மறைச்சுக்கிட்டே இருக்கிறதும் ஒரு வேலைதானே, அதுதானே நம்மள விழ வச்சது. ஆனா முதல் நாளே சொல்லணும்னும் இல்ல. ஆளைப் பாத்து சொல்லுங்க.

---

தாழம்பூ:

என் வீட்டுக்காரர் ஆட்டிஸம்மா, அவர் திரும்ப வேலைக்கு போனப்ப நாங்க வீட்ல செஞ்சதை சொல்றேன், உங்க அம்மாவுக்கு உதவும். அவர் வந்ததும் ஒரு மணி நேரம் யாரும் பேச மாட்டோம், டிவி போட மாட்டோம், காபிய வச்சுட்டு வந்துருவேன். முதல் 2 மாசம் எந்த கல்யாணத்துக்கும் அவரைக் கூட்டிட்டு போகல, மாமியார் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க, நான்தான் பேசி சரி பண்ணேன். ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வந்தாங்கன்னா திங்கக்கிழமை அவரால எந்திரிக்க முடியாது, அதைப் பாத்து பாத்துதான் அத்தையே புரிஞ்சுக்கிட்டாங்க.

---

மழைக்குருவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சு படிச்சு அழுதுட்டேன். பனைநிழல், நீங்க சொன்ன நாலு விஷயத்தையும் வச்சு டாக்டர்கிட்ட லெட்டர் கேட்டிருக்கேன், முதல் மாசம் வாரம் ரெண்டு நாள் ஆபீஸ் மீதி வீட்ல இருந்துன்னு. பாலிசி காப்பி கேட்டு மெயில் போட்டாச்சு செல்வி அக்கா, இன்னும் பதில் வரல. கிடைக்கலன்னா இன்னும் ஒரு மாசம் லீவ் நீட்டிக்கலாம்னு அண்ணனே சொல்லிட்டான், அதைக் கேட்டப்புறம்தான் ராத்திரி தூக்கம் வந்துச்சு.

தாழம்பூ அக்கா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சு காட்டினேன். ஒன்னும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "நீ வர்ற நேரத்துக்கு சீரியல் ஓடும்டி, நான் வேணா காதுல மாட்டிக்கிட்டு பாக்கட்டுமா"ன்னு கேட்டாங்க.

நாளைக்கு காலைல 8 மணிக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து பாக்கப் போறேன், ஏற மாட்டேன். மறுநாள் எப்படி எந்திரிச்சேன்னு இங்கயே வந்து எழுதுறேன் நொய்யல்கரை அண்ணா.