ஜாவா சோர்ட்: 20 வரிக்கு ஓடுகிறது, 240 வரிக்கு நின்றுவிடுகிறது, உதவி தேவை

திருமலைத் தம்பி:
வணக்கம், திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். மாமா கொட்பேயில் மீன் எடுத்து விற்கிறவர், அவருடைய கொப்பிக் கணக்கை (வள்ளத்தின் பெயர், திகதி, கிலோ) ஜாவா நிரல்மொழியில் ஏற்றிக் கொடுக்கிறேன். பெயருக்கு ஒன்று, கிலோவுக்கு ஒன்று, திகதிக்கு ஒன்று என்று மூன்று கிளாஸில் ஒரே மேர்ஜ் சோர்ட்டை (பட்டியலைப் பிரித்து அடுக்கி மறுபடி சேர்க்கிற முறை) ஒட்டி வைத்திருந்தேன், ஒன்றில் பிழை திருத்தினால் மற்ற இரண்டும் அப்படியே கிடக்கும். அதையெல்லாம் அழித்துவிட்டு லிஸ்ட்டின் சோர்ட்டுக்கே கொம்பரேட்டர் (இரண்டில் எது முன்னால் என்று சொல்லுகிற துண்டு) கொடுத்தேன். கிலோவுக்கு, இரண்டு எடையையும் கழித்து இன்ட் (முழு எண்) ஆக்கித் திருப்பி அனுப்புகிறேன். 20 வரிக்கு ஓடியது. முழுக் கொப்பியையும் போட்டதும் ‘கொம்பரிசன் மெதட் வயலேட்ஸ் இட்ஸ் ஜெனரல் கொன்ட்ராக்ட்’, அதாவது ஒப்பிடுகிற முறை விதியை மீறுகிறது என்று சொல்லி நின்றுவிட்டது. பழைய மூன்று கிளாஸுக்கே திரும்பிப் போகவா?

கோட் வாத்தியார்:
போகவேண்டாம் தம்பி, நீங்கள் மாறிய வழிதான் சரி. பிழை அந்த இன்ட்டில் இருக்கிறது. 12.0, 12.6, 13.2 என்று மூன்று எடை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 0.6, இன்ட் ஆக்கினால் 0, அதாவது சமம். அடுத்த இரண்டும் அப்படியே சமம். ஆனால் 13.2க்கும் 12.0க்கும் 1.2, அது 1 ஆகிவிடும், சமமில்லை. ஒன்றும் இரண்டும் சமம், இரண்டும் மூன்றும் சமம், ஒன்றும் மூன்றும் மட்டும் வேறு என்றால் எந்த சோர்ட்டாலும் ஒழுங்காக அடுக்க ஏலாது. 20 வரிக்கு ஏன் நிற்கவில்லை என்றால், ஜாவாவின் டிம்சோர்ட் (லிஸ்ட்டின் சோர்ட் உள்ளே பாவிக்கிற முறை) 32க்குக் குறைந்த பட்டியலில் மேர்ஜ் செய்யாமல் செருகி அடுக்கிவிடும், விதியை மீறுகிறதா என்று பார்க்கிற சோதனை மேர்ஜில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் 20 வரியும் சரியாக அடுக்கப்பட்டது என்று நம்பவேண்டாம், ஒருக்கால் பாருங்கள். டபிள் (தசம எண்) கிளாஸின் கொம்பேர் மெதட்டைப் போடுங்கள். முழு எண்ணாக இருந்தாலும் கழிக்கவேண்டாம், பெரிய எண்ணும் பெரிய மைனஸ் எண்ணும் வந்தால் இன்ட் நிரம்பி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

திருமலைத் தம்பி:
நன்றி அண்ணா, 240 வரியும் ஓடிவிட்டது. 20 வரியிலும் 12.9 கிலோ 12.4க்கு முன்னால் நின்றிருக்கிறது, நான் கவனிக்கவேயில்லை. இன்னொன்று, கூடின கிலோ மேலே, கிலோ சமமென்றால் பெயர் வரிசை என்று வைக்க, கடைசியில் ரிவர்ஸ்ட் (வரிசையைத் தலைகீழாக்குவது) போட்டேன், பெயரும் தலைகீழாகிவிட்டது.

கோட் வாத்தியார்:
ரிவர்ஸ்ட் தனக்கு முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் திருப்பும். கிலோவுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, அப்புறம் தென்கொம்பேரிங்கில் (முதலாவது சமமென்றால் அடுத்து ஒப்பிடுவது) பெயரைக் கொடுங்கள்.

கின்னியாக்காரன்:
பெயர் தமிழிலா? அப்படியென்றால் கயல், கனிமலர் என்று இரண்டு வள்ளத்தைப் போட்டுப் பாருங்கள். நமக்குக் கயல்தான் முதலில், ஏனென்றால் னகரம் எழுத்து வரிசையில் கடைசி. யுனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கிற எண் வரிசை) னகரம் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஸ்ட்ரிங்கின் (எழுத்துத் தொடர்) கொம்பேர்டு என்ற ஒப்பீடு கனிமலரை முன்னால் தள்ளிவிடும்.

திருமலைத் தம்பி:
ஓம், அப்படித்தான் வருகிறது! மாமா கேட்டால் என்ன சொல்வது?

கின்னியாக்காரன்:
தமிழ் எழுத்து வரிசையை ஒரு ஸ்ட்ரிங்கில் எழுதி, அதில் எந்த இடத்தில் எழுத்து இருக்கிறது என்று பார்த்து ஒப்பிடுகிற கொம்பரேட்டர் ஒன்று எழுதுங்கள். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி எழுத்தாக வரும், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். சோர்ட்டில் ஒரு வரியும் தொடவேண்டாம், மூன்று கிளாஸாக வைத்திருந்தால் இதைத் தேடித் தேடி மாற்றவேண்டி வந்திருக்கும்.

திருமலைத் தம்பி:
எழுதிவிட்டேன். கயல் முதலில் நிற்கிறது.